ஞாயிறு வெஸ்தான் ஆடுவான்

டொலிடோ
31 ஆகஸ்ட் 1973

அன்புள்ள வெரா அக்காவுக்கு,

மைலோ எழுதுகிறேன். உன் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா? என் வயிற்றுப் புண் பால் குடித்தால் அடங்குகிறது, பத்திரிகை படித்தால் எழுகிறது. அதனால் பாலை மட்டும் வைத்துக்கொண்டு பத்திரிகையை நிறுத்திவிட்டேன்.

இனிமேல் போனில் பேசுவதில்லை என்று ஈஸ்டர் சண்டைக்குப் பிறகு நாம் முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் இரண்டும் நடக்காது. இன்று எழுதப்போவதற்கு அந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டும்.

வரும் செவ்வாய்க்கிழமை ரசிகர் சங்கத்தின் மதிய விருந்தில் அறிவிக்கப்போகிறேன். இந்த வருஷம் டொலிடோ புட்பால் அணிக்கு குவார்ட்டர்பேக் வெஸ் டில்லட். ஆட்களை வட்டமாக நிறுத்தி அடுத்து எந்த ஆட்டம், யார் எங்கே ஓட வேண்டும் என்று கூப்பிடுவதும், பந்தை எறிவதும் இனி அவன் வேலை. கில் பெஞ்சில் உட்காருவான்.

ஆம், உன் மருமகன் கில்தான். ஒன்பது வருஷம் இந்த ஊருக்காகப் பந்து எறிந்தவன், ரோஸ்மேரியின் புருஷன், என் வீட்டுக் கூடத்தில் வைத்து அவளை முதன்முதலில் பார்த்தவன். அதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. வெஸ்ஸுக்கு இருபத்திரண்டு வயது. நெப்ராஸ்காவில் மாட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிறவரின் மகன். பயிற்சியில் ஒரு நாளைக்கு ஆறு தப்பு செய்கிறான், மறுநாள் வேறு ஆறு தப்பு செய்கிறான். ஒரே தப்பை இரண்டு நாள் செய்து நான் பார்க்கவில்லை. கில்லுக்கு முப்பத்துநாலு. அவன் எறியும் பந்து போன வருஷத்தைவிட அரை நொடி தாமதமாகப் போகிறது. இந்த ஆட்டத்தில் அரை நொடி என்பது ஒரு ஆயுள்.

நேற்று அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீங்க கோச். உங்க இஷ்டம்" என்றான். கை கொடுத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் திங்கட்கிழமை உன் கையில் இருக்கும். ஊருக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன். மாற்றச் சொல்லிக் கேட்காதே. வைத்த காலைப் பின்னால் எடுக்கிற வழக்கம் எனக்கில்லை.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

தம்பி,
மைலோ

*

ஃபேரல், பென்சில்வேனியா
6 செப்டம்பர் 1973

தம்பி மைலோவுக்கு,

முழங்காலை விடு. நெஞ்சுதான் வலிக்கிறது.

திங்கட்கிழமை தொழிலாளர் தினமடா. தபால் கிடையாது. நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விடுமுறை உனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் உன் நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு கிழமை இல்லை. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ரோஸ்மேரி செவ்வாய்க்கிழமையே முடிவெட்டும் கடையில், தலையில் சுருளைகளோடு உட்கார்ந்து ரேடியோவில் கேட்டிருக்கிறாள். பக்கத்து நாற்காலிக்காரி, "அது உங்க வீட்டுக்காரர்தானே?" என்று கேட்டாளாம். கில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்து நாள் ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறான், சொல்லவில்லை. அவ்வளவு அவமானம் அவனுக்கு.

நீ பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்று கால்தான். நாலாவது காலை நான் கையில் பிடித்துக் காட்டினாலும் அது வால் என்பாய். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். உன் ஏலக்காரர் பிள்ளை அரை வைத்தியன் ஆவதற்குள் கொல்லப்போகும் ஆயிரத்தில் முதல் ஆள் என் மருமகன்தானா?

பாதி ஆட்டம் அவன், பாதி ஆட்டம் இவன் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? யோசி. பாலைக் குடி. வயிற்றுப் புண்ணோடு சாகாதே, உன்னைத் திட்ட எனக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது.

வெரா

*

டொலிடோ
26 செப்டம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

விடுமுறை விஷயத்தில் தப்பு என்னுடையது. ரோஸ்மேரி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைப் பாதிதான் திறந்தாள். உன் மகள் என்பது அந்தப் பாதிக் கதவில் தெரிந்தது. நீ சுகம்தானே?

பாதிக்குப் பாதி வைக்கமாட்டேன். ஒவ்வொரு தப்புக்கும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறவன் எதிரே வருபவனைப் பார்க்கமாட்டான்.

இரண்டு ஆட்டம் ஆடினோம், இரண்டிலும் தோல்வி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெஸ் நாலு தடவை பந்தை நேராக எதிராளி கையில் எறிந்தான். நேற்று மதிய விருந்து. அந்தச் சடங்கு உனக்குத் தெரியும்: ஓட்டல் கூடத்தில் முந்நூறு பேர், கோழிக்கறி, பட்டாணி. நான் போன ஆட்டத்தின் பிலிமை ஓட்டிக் காட்ட வேண்டும். அப்புறம் சீட்டு வாங்கிய எவன் எழுந்து கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

பல் டாக்டர் ஒருவர் எழுந்தார். "கோச், நம்ம சட்டை என்ன கலர்னு அந்தப் பையனுக்கு யாராவது சொல்லியிருக்கீங்களா?"

கூடமே சிரித்தது. "சொல்லியிருக்கேன் டாக்டர். நாலு மாசம் குடுங்க, அவனே வந்து உங்களுக்குச் சொல்லுவான்."

"நாலு மாசத்துல நீங்க இருப்பீங்களா?"

"நான் இருக்கேனோ இல்லையோ, அவன் இருப்பான். பட்டாணியைச் சாப்பிடுங்க, ஆறுது."

உனக்கு ஒன்று சொல்கிறேன். நாலாவது பந்தை எதிரி பிடித்த பிறகு வெஸ் ஓரத்துக்கு வந்தான். மூக்கில் ரத்தம். அழுவான் என்று நினைத்தேன். "கோச், அதே ஆட்டத்தை இன்னொரு வாட்டி கூப்பிடட்டுமா? அந்த மூலையில காவல் நிக்கறவன் எந்தப் பக்கம் சாயறான்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றான். கூப்பிட்டான். டச்டவுன், ஆறு புள்ளி. தோற்றோம், ஆனால் நான் காரில் சிரித்துக்கொண்டே வீடு போனேன்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உன் வாயையாவது கொஞ்சம் மூடிக்கொண்டு எனக்கு நல்லது நினை.

மைலோ

*

ஃபேரல்
10 அக்டோபர் 1973

தம்பிக்கு,

முழங்கால் பரவாயில்லை. குளிர் வந்ததும் வஞ்சம் தீர்க்கும். உன் வயிறு?

மாதா கோயில் சமையலறையில் வியாழக்கிழமைதோறும் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் பிரோஹி பிடிக்கிறோம். மாவைத் தேய்த்து, உருளைக்கிழங்கை வைத்து, ஓரத்தை அழுத்தி மூடுகிற வேலை. கை சும்மா இருக்காது, வாயும்தான். திருமதி ஹார்வத் சொல்கிறாள், "வெரா, உன் தம்பி அணி ஜெயிக்கிற அன்னிக்கு இந்த மாவு தானா மடங்கும்." எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரத்தை உருட்டுகிறேன்.

போன திங்கட்கிழமை உங்களுக்கு ஓய்வுநாள் அல்லவா, கில் தனியாகக் காரில் வந்தான். ஒரு கூடை ஆப்பிள் கொண்டுவந்தான். சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார் நம் வீட்டைத் தாண்டிப் போயிற்று. சுற்றி வந்தது. மறுபடியும் தாண்டிப் போயிற்று. கடைசியில் மூன்று வீடு தள்ளி செர்னாக் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். நான் வாசலில் இறங்கிக் கூப்பிட்டேன். "என்னமோ நெனப்புல வந்துட்டேன் அத்தை" என்று சிரித்தான். ஒன்பது வருஷமாக வருகிற வீடு. மனசு எங்கேயோ கிடந்தால் கண் எப்படி வீட்டைப் பார்க்கும்? அவன் மனசை எங்கே போட்டான் என்று நீயே கேட்டுக்கொள்.

சாப்பிட்டுவிட்டு மத்தியானமே போய்விட்டான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

வெரா

*

டொலிடோ
31 அக்டோபர் 1973

அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. ஏழு ஆட்டத்தில் ஆறு தோல்வி என்றால் பேனா கனக்கிறது.

முதலாளி ஹேவர்காம்ப் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஐஸ்க்ரீம் விற்றுப் பணக்காரரானவர், யாரைத் திட்டுவதாக இருந்தாலும் முதலில் ஒரு கிண்ணம் ஐஸ்க்ரீம் வைத்துவிட்டுத்தான் திட்டுவார். "மைலோ, வெனிலா போகலைன்னா நான் சாக்லெட் வைப்பேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஐஸ்க்ரீம் கத்துக்காது சார். இவன் கத்துக்கறான்."

"ஊரே கில்லைக் கேக்குதுய்யா."

"பெஞ்சுல இருக்கறவன்தான் எந்த ஊர்லயும் நல்ல குவார்ட்டர்பேக். அவன் ஆடறதில்ல, அதனால தப்பு பண்றதில்ல. கில் ஆடினப்போ இதே ஊர் அவனை எப்படித் திட்டிக் கூவிச்சுன்னு மறந்துட்டீங்களா?"

"பருவம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அர்த்தம் புரிந்தது. ஐஸ்க்ரீமை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒரு சின்ன விஷயம். அன்று உன் வீட்டுக்கு வந்தபோது கில் தலைவலி என்று ஏதாவது சொன்னானா? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றானா? நான் கேட்டேன் என்று ரோஸ்மேரியிடம் சொல்லாதே.

மைலோ

*

ஃபேரல்
5 நவம்பர் 1973

தம்பிக்கு,

நான் சுகம்.

கில்லுக்குத் தலைவலி எதுவும் இல்லை. ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகப் பேசினான்.

அவனை ஒதுக்கிவைப்பதற்கு இப்போது காரணம் தேடுகிறாய் என்றால் வேறு இடத்தில் போய்த் தேடு.

வெரா

*

ஃபேரல்
12 நவம்பர் 1973

அன்புத் தம்பி மைலோவுக்கு,

உன் வயிற்றுப் புண் இன்றோடு ஆறியிருக்கும். என் முழங்காலும் நேற்று எனக்குத் தெரியாமல் குதித்துவிட்டது.

நேற்றைய ஆட்டத்தில் உன் பையன் வெஸ்ஸுக்குக் கணுக்கால் பிசகியதற்கு நான் சந்தோஷப்படவில்லை. பாதிரியாரிடம் பாவமன்னிப்புக்குப் போகும்போது அதையும் சொல்லிவிடுவேன். ஆனால் கில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடியபோது உங்கள் ஊர் எழுந்து நின்று போட்ட சத்தம் டிவியில் எங்கள் வீட்டுக் கண்ணாடியை அதிரவைத்தது. திருமதி ஹார்வத் அழுதாள். மூன்று டச்டவுன். முப்பத்துநாலு வயதில்.

அந்த வேடிக்கையை நினைத்து நினைத்துச் சிரிக்கிறோம். ஒரு தடவை கீழே விழுந்து எழுந்தவன் நேராக எதிரணிக்காரர்கள் வட்டமாகக் குனிந்து நிற்கிற இடத்துக்குப் போய், தானும் ஒருவன் மாதிரி நின்றானே. டிவிக்காரன் சொன்னான், "பாருங்க, எதிரி என்ன பேசறான்னு ஒட்டுக்கேக்கப் போறார் நம்ம கில்." இன்று பத்திரிகையிலும் அந்தப் படம்தான்.

இனி உனக்குச் சாக்கு இல்லை. நீ தோற்ற ஏழு ஆட்டத்தை அவன் ஒரே நாளில் துடைத்துவிட்டான். நன்றித் திருநாளுக்கு வா. வான்கோழி உனக்காகப் பெரிதாகச் சொல்லியிருக்கிறேன். ரோஸ்மேரி முழுக் கதவையும் திறப்பாள்.

அன்புடன்,
அக்கா

*

டொலிடோ
14 நவம்பர் 1973

அக்கா,

வான்கோழியைச் சின்னதாகச் சொல். நான் வருவதற்கு நீ விடமாட்டாய்.

நேற்றைய விருந்தில் நான் உள்ளே நுழையும்போது கைதட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவை. பல் டாக்டர் வந்து என் முதுகைத் தட்டினார். பிலிம் ஓட்டினேன். கில் எதிரி வட்டத்துக்குள் போகிற இடம் வந்ததும் "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று மேஜையைத் தட்டினார்கள். நான் திருப்பி ஓட்டவில்லை.

அப்புறம் ஒருவன் கேட்டான், "ஞாயித்துக்கிழமை யாருன்னு கேக்கவே வேண்டாம், இல்லையா கோச்?"

"கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். வீக்கம் வடிஞ்சிருச்சு. ஞாயிறு வெஸ்தான் ஆடுவான்."

அப்புறம் ரொட்டி ஒன்று பறந்து வந்து என் தோளில் பட்டது. "ஜெயிச்சவனை உக்கார வெக்கற ஒரே கோச் உலகத்துலயே நீதான்யா" என்று கத்தினான் ஒருவன்.

"அப்ப என்னை நல்லாப் பாத்து வெச்சுக்கங்க" என்றேன். "அடுத்த ஞாயிறும் வெஸ்தான். அதுக்கடுத்த ஞாயிறும் வெஸ்தான். ரொட்டி மிச்சம் இருந்தா எல்லாத்தையும் இப்பவே எறிஞ்சிருங்க." எறிந்தார்கள்.

திங்கட்கிழமை அந்தப் பிலிமைத் தனியாக உட்கார்ந்து ஒன்பது தடவை பார்த்தேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

குளிரில் முழங்காலை மூடிவை.

மைலோ

*

ஃபேரல்
19 நவம்பர் 1973

மைலோவுக்கு,

நேற்று மறுபடியும் தோற்றாய். இருபத்தொரு புள்ளி வித்தியாசம்.

வியாழக்கிழமை நன்றித் திருநாளுக்கு வராதே. கிறிஸ்துமஸுக்கும் வராதே. என் மகள் கூடத்தில் உட்கார்ந்து அழும்போது உனக்கு வான்கோழி பரிமாற என்னால் முடியாது. ஜெயித்துக் காட்டிய மனுஷனை முந்நூறு பேர் முன்னால் உட்காரவைத்திருக்கிறாய். அப்பா இருந்திருந்தால் உன்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டிருக்கமாட்டார்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

வெரா

*

டொலிடோ
20 டிசம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு மாதம் எழுதவில்லை. என் உடம்புக்குக் குறைவில்லை. உனக்கும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை வேலை போய்விட்டது. பத்திரிகையில் பார்த்திருப்பாய். கடைசி மூன்றில் இரண்டு ஜெயித்தோம், அதற்குள் ஹேவர்காம்ப் வேறு ஆளைப் பேசி முடித்துவிட்டார். வெஸ் சாமான் அறையில் வந்து என் எதிரில் நின்றான். "என்னாலதான் கோச் போச்சு." "உன்னால போனதுதான் என் வாழ்க்கையில உருப்படியாப் போனது. போய்த் தூங்கு" என்றேன். அடுத்த பருவத்தில் கில்தான் குவார்ட்டர்பேக் என்று புது கோச் நேற்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாவம்.

நவம்பர் பதினொன்று, கில் எதிரி வட்டத்துக்குள் போனது வேடிக்கை இல்லை. அவன் ஒட்டுக்கேட்கப் போகவில்லை. தன் அணி எது என்று தெரியாமல் போனான். இரண்டாம் கால் பகுதியில் தலை தரையில் மோதியது. எழுந்தான், மூன்று அடி தப்பான பக்கம் நடந்தான், அங்கே போய்க் குனிந்து நின்று அடுத்த ஆட்டத்தைச் சொல்ல வாயைத் திறந்தான். நம் ஆள் ஹாங்க் ஓடிப்போய் சட்டையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தான். அதற்கப்புறம் ஆட்டத்தைக் கூப்பிட்டது ஹாங்க்தான். கில் கையைத் தூக்கிப் பழக்கத்தில் எறிந்தான். அந்தக் கை ஒன்பது வருஷமாகச் செய்ததைச் செய்தது.

இடைவேளையில் அணியின் டாக்டர் இரண்டு விரல் காட்டினாராம். இரண்டு என்றானாம். "ஆடலாம்" என்றார்.

என்னைப் பற்றியும் எழுதுகிறேன். அவன் தப்பான பக்கம் நடந்ததை நான் ஓரத்தில் நின்று கண்ணால் பார்த்தேன். பார்த்தவுடனே புரிந்தது. அவனை வெளியே கூப்பிடவில்லை. நாலு வாரம் ஜெயமே பார்க்காத கோச், அன்று புள்ளியில் முன்னால் இருந்தோம், கூப்பிட மனசு வரவில்லை. இன்னும் முப்பது நிமிஷம் அவனை அடிவாங்க விட்டேன். அதற்காகத்தான் நீ என்னைத் திட்ட வேண்டும், பெஞ்சில் உட்காரவைத்ததற்காக அல்ல.

மறுநாள் அவனைக் கேட்டேன். "ரோஸ்மேரிகிட்ட சொல்லிடாதீங்க, கோச். நான் ஆட்டக்காரன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது" என்றான். வாக்குக் கொடுத்தேன். இன்று அந்த வாக்கை உடைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவனைக் காப்பாற்றத்தான் வெஸ்ஸை வைத்தேன் என்று இனி யாரிடமும் சொல்லாதே. ஆகஸ்டிலேயே வைத்தேன், வெஸ் நல்ல ஆட்டக்காரன் என்பதற்காக வைத்தேன். கில் தலை கல் மாதிரி இருந்திருந்தாலும் வெஸ்தான் ஆடியிருப்பான். எனக்குப் புண்ணியவான் பட்டம் வேண்டாம்.

மைலோ

*

ஃபேரல்
5 ஜனவரி 1974

மைலோவுக்கு,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸைக் கழித்தேன். யாருக்கும் காட்டவில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அக்டோபரில் நீ தலைவலியைக் கேட்டாய், இல்லை என்று எழுதினேன். பொய். அதற்கு முன்னாலேயே ரோஸ்மேரி என்னிடம் சொல்லியிருந்தாள். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். குளியல் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுகிறான். பெற்ற மகள் நான்சியைக் கூப்பிட வாயெடுத்து, பெயர் வராமல், "ஏ குட்டி" என்று சமாளிக்கிறான். செர்னாக் வீட்டுக் கதவை அவன் தட்டியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்குக் கடிதத்தில் அதை வேடிக்கையாக எழுதி, பழியை உன் தலையில் போட்டேன். உண்மையைச் சொன்னால் நீ செய்தது சரி என்று ஆகிவிடும். அதைத் தாங்க எனக்கு மனசு இல்லை. ஆகஸ்டில் நீ பெஞ்சில் வைத்ததை அவன் ரோஸ்மேரியிடம் மறைக்கவில்லையடா. மறந்துவிட்டான்.

நீ அவனை ஆடவிட்ட முப்பது நிமிஷத்தை நான் மன்னிக்கவில்லை. என் பொய்யையும் மன்னிக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும், இப்போது வேலை இருக்கிறது.

கில்லைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்ல அத்தை" என்றான். புது கோச்சுக்குப் போன் பண்ணினேன். "டாக்டர் ஓகே சொல்லியாச்சு அம்மா, நீங்க ஏன் கவலைப்படறீங்க" என்றார். முதலாளியின் காரியதரிசி பெயரை எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். ரோஸ்மேரி, "நான் சொன்னா அவர் என்னை விட்டுட்டுப் போயிடுவாரும்மா" என்று அழுகிறாள். நீ ஹேவர்காம்ப்பிடம் பேசுவாயா?

வெரா

*

டொலிடோ
11 ஜனவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

பேசினேன். வேலை போனவன் பொறாமையில் பேசுகிறான் என்றார். ஐஸ்க்ரீம்கூடத் தரவில்லை.

இந்த ஊரில் கோச் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடம் ஒன்றுதான். இருபத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, புது கோச்சுக்கு முதல் விருந்து. கில்லை மேடையில் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். ரோஸ்மேரிக்கு இரண்டு சீட்டு வரும். சீட்டு இருக்கிற யாரும் எழுந்து கேட்கலாம். என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போ. எழுந்து கேட்கிறவரைக் கில் மன்னிக்கமாட்டான். அங்கே அவன் மானம் போகும். ரோஸ்மேரி கேட்கக் கூடாது. அவள் அவனோடு வாழ வேண்டும்.

முழங்காலுக்கு நல்ல காலுறை போட்டுக்கொள். பஸ்ஸில் குளிரும்.

மைலோ

*

ஃபேரல்
2 பிப்ரவரி 1974

அன்புள்ள தம்பி மைலோவுக்கு,

முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, சுகம் என்று சொல்லமாட்டேன். நீ சுகமாக இரு.

பஸ்ஸில் போனேன். ரோஸ்மேரி கண்ணை நிமிர்த்தாமல் சீட்டைக் கையில் கொடுத்தாள். பட்டாணி நீ சொன்ன மாதிரி ஆறித்தான் இருந்தது. புது கோச் சிரித்த முகம். கில்லின் தோளில் கைபோட்டு, "நவம்பர்ல எதிரிக் கூட்டத்துக்குள்ள புகுந்து ஒட்டுக்கேட்ட சிங்கம்" என்றார். முந்நூறு பேரும் மேஜையைத் தட்டினார்கள். கில்லும் சிரித்தான். நான் எழுந்தேன்.

"என் பேரு வெரா. கில்லோட மாமியார்."

"அடடே, வாங்கம்மா" என்றார் கோச். எல்லோரும் கைதட்டினார்கள். மாமியார் வாழ்த்த வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

"கேள்வி உங்களுக்கில்ல, கில்லுக்கு" என்றேன். "கில், கல்யாணமான வருஷம் நீ ஆடின ஆட்டத்தை எங்க வீட்டு மேஜையில உப்புப் புட்டியும் மிளகுப் புட்டியும் வெச்சு ஒண்ணு விடாம சொல்லுவ. மூணாவது ஆட்டத்துல யாரு எங்க ஓடினான், எந்தக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு. நவம்பர் பதினொண்ணு, நீ ஜெயிச்ச ஆட்டம். ரெண்டாம் பாதியில நீ கூப்பிட்ட ஆட்டத்துல ஒண்ணே ஒண்ணு சொல்லு."

சிரித்தார்கள். கில்லும் சிரித்தான். "அத்தை, உக்காருங்க."

"ஒண்ணே ஒண்ணு. அப்புறம் உக்காந்துடறேன்."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். மேஜைத் துணியைப் பார்த்தான். அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் ஆட்டம் தெரியுமடா. ஒரு குவார்ட்டர்பேக் தான் கூப்பிட்ட ஆட்டத்தைச் சாகிற வரைக்கும் மறக்கமாட்டான் என்று பல் டாக்டருக்குத் தெரியும், ரொட்டி எறிந்தவனுக்கும் தெரியும். சிரிப்பு முன்வரிசையில் நின்றது, அப்புறம் பின்வரிசையிலும் நின்றது. ரோஸ்மேரி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இழுக்கவில்லை. ஓர் ஓரத்திலிருந்து பெரிய உடம்புக்காரர் ஒருவர் எழுந்தார். "நான்தான் கூப்பிட்டேன். எல்லாத்தையும் நான்தான் கூப்பிட்டேன்" என்றார். அவர்தான் உன் ஹாங்க் என்று பிறகு தெரிந்தது.

கில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என்னைக் கடந்து வெளியே போனான். கதவு எந்தப் பக்கம் என்று ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் போனான். அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

நேற்றுப் பத்திரிகையில் வந்திருக்கிறது. கில் ஓய்வு பெறுகிறானாம். குவார்ட்டர்பேக் வெஸ் டில்லட்டாம். என்னவோ புது கோச்சே கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறார்கள். வியாழக்கிழமை பிரோஹி பிடிக்கும்போது ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. சொந்த மருமகனை ஊர் நடுவில் வைத்து அவமானப்படுத்தினவள் என்று திருமதி ஹார்வத் என் காது கேட்கவே சொன்னாள். "ஆமா, பண்ணினேன். மாவை இந்தப் பக்கம் தள்ளு" என்றேன்.

கில் என்னோடு பேசுவதில்லை. என் குரல் கேட்டால் போனை வைத்துவிடுகிறான். நான் இருக்கிற அறையில் தான் இருக்கப்போவதில்லை என்று ரோஸ்மேரியிடம் சொல்லிவிட்டான்.

ஈஸ்டருக்கு வா. ரோஸ்மேரி பிள்ளைகளோடு வருவாள். நீயும் நானும் இருக்கிற மேஜைக்கு அவன் வரமாட்டான், வராமல் இருக்கட்டும். நான் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளமாட்டேன். எண்பது வயது வரைக்கும் அவன் என்மேல் கோபமாகவே இருக்கட்டும். எதற்காகக் கோபம் என்று அவனுக்கு ஞாபகம் இருந்தால் அது போதும் எனக்கு.

அக்கா,
வெரா